நாற்பத்தொன்றாம் ஆணி

வெர்க்னியார்,
9 நவம்பர் 1995

கொஸ்த்ரமா நகரத்தில், சூடான அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் பாக்கியம் பெற்ற என் மருமகள் உல்யானாவுக்கு, பூமியின் கொல்லைப்புறத்திலிருந்து உன் மாமா லூக்கா எழுதுவது.

நீ தேடுகிற வரியை முதலில் கொடுத்துவிடுகிறேன். உன் புருஷன் கிளெப் உயிரோடு இருக்கிறான். கை இரண்டு, கால் இரண்டு, நானே எண்ணிப் பார்த்தேன். தாடி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது. அதற்குள் ஏதோ ஒரு பறவை குடும்பம் நடத்துகிறது என்று எனக்குச் சந்தேகம். சரி, இனி மூச்சை விடு.

நான் வந்து சேர்ந்த வீர வரலாற்றைக் கேள். ரயிலில் எட்டு நாள், விமானத்தில் ஒரு யுகம், கடைசியில் ஹெலிகாப்டரில் நான்கு மணி நேரம். எனக்கு அடுத்த இருக்கையில் உறையவைத்த முழுப் பன்றி ஒன்று உட்கார்ந்து வந்தது. அதற்கு பெல்ட் போட்டிருந்தார்கள், எனக்குப் போடவில்லை. இது என்ன நியாயம் என்று விமானியிடம் கேட்டேன். "அது விழுந்தா ஊரே பட்டினி கெடக்கும் பெரியவரே. நீங்க விழுந்தா?" என்றான். வோல்கா நதிக் கப்பலில் முப்பது வருஷம் சமையற்கட்டை ஆண்டவனுக்கு இந்த மரியாதை!

இறங்கியதும் தும்மினேன். தும்மல் தரையில் விழுந்து நான்காக உடைந்தது. ஒரு துண்டைப் பொறுக்கி வைத்திருக்கிறேன், வந்ததும் காட்டுகிறேன்.

கிளெப் என்னைப் பார்த்து, ஏதோ அடுத்த தெருவிலிருந்து வந்தவனைப் பார்த்ததுபோல, "வாங்க மாமா" என்றான்.

"ஏண்டா, செப்டம்பர்ல வர்றேன்னு அவகிட்ட சொன்னியே, அது எந்த வருஷத்துச் செப்டம்பர்?"

"நாலு லெட்டர் எழுதினேன் மாமா. நாலையும் அடுப்புல போட்டுட்டேன்."

"அடுப்புக்கு எதுக்குடா லெட்டர்? உன் பொண்டாட்டிக்குப் போடு!"

"வரலைன்னு எழுதணும். ஏன் வரலைன்னு எழுதினா பயந்துடுவா. எழுதாம விட்டா கோபப்படுவா. கோபம் தேவலைன்னு விட்டுட்டேன்."

விஷயம் இதுதான், உல்யா. ஜூன் மாதமே சுரங்கத்தை மூடியாகிவிட்டது. நிர்வாகம் மருத்துவரையும் ரேடியோவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருக்கும் இருநூறு பேரை வசந்தத்தில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இந்த ஊர் உயிரோடிருக்கக் கொதிகலன் எரியவேண்டும், கொதிகலனுக்கு நிலக்கரி வேண்டும். பதினேழு பேர் தாங்களாகவே கீழே இறங்கி வெட்டுகிறார்கள். இரண்டு நாள் நிலக்கரி வராவிட்டால் குழாய்கள் வெடிக்கும், மூன்றாம் நாள் ஊர் மொத்தமும் ஐஸ் பெட்டிக்குள் வைத்த மீன். உன் புருஷன் அந்தப் பதினேழில் ஒருவன். விடுப்பில் போன இருவர் இந்த மாதக் கடைசியில் திரும்புகிறார்கள். அவர்கள் இறங்கினதும் இவனை மூட்டை கட்டி, அந்தப் பன்றி உட்கார்ந்த இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவருவேன். இது லூக்காவின் சபதம்.

நான் தங்கியிருப்பது ரினாத் என்கிற, தாத்தார் இனத்துச் சுரங்க மேஸ்திரியின் வீட்டில். அவருடைய மனைவி ரைசா சுரங்கத்து விளக்கறையைக் கவனிக்கிறவள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அவள் சுடும் பெலேஷைத் தின்றால் செத்தவன் எழுந்து இன்னொரு துண்டு கேட்பான்.

ஒரே ஒரு குறை. இங்கே ஐந்து மாடிக் கட்டடங்கள் பதினொன்று இருக்கின்றன. ஒன்பதின் சன்னல்களில் பலகை அடித்துவிட்டார்கள். பகல் மூன்று மணிக்கே இருட்டு. எங்களுக்கு மேல்மாடியில் யாரும் இல்லை, ஆனால் யாரோ நடக்கிறார்கள். ரைசாவிடம் கேட்டேன். "யாருமில்லண்ணே. குளிர்ல சுவர் சுருங்குது" என்றாள். சுருங்குகிற சுவர் எதற்குப் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இங்ஙனம்,
குளிர்காலத்தின் மூத்த மாப்பிள்ளை, பனிக்கரடிகளின் சம்பந்தி,
உன் லூக்கா மாமா


கொஸ்த்ரமா,
17 நவம்பர் 1995

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. தறிக்கூடத்து வாசலிலேயே நின்று படித்தேன். "உயிரோடு இருக்கிறான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போய் வேலை பார்த்தேன். மீதியைச் சாப்பாட்டு நேரத்தில்தான் படிக்க முடிந்தது. அழுதேன், அதனால் சூப் ஆறிப்போயிற்று. அதற்கும் உங்கள் மாப்பிள்ளைதான் பொறுப்பு என்று அவரிடம் சொல்லுங்கள்.

கோபம் தேவலை என்றாராமே. மூன்று மாதம் நான் கோபமாகவா இருந்தேன்? வாசலில் காலடி கேட்டால் தபால்காரரா, வேறு செய்தி கொண்டுவருகிற ஆளா என்று கதவைத் திறக்காமல் நின்றிருக்கிறேன். அவர் எழுதாமல் விட்டதால் என் பயம் குறையவில்லை, அதற்கு முகம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

மாமா, ஒன்று கேட்கிறேன். மூடின சுரங்கத்தில் இறங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவரைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். நீங்கள் ஒருமுறை கீழே போய் உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். உங்களுக்கு இருட்டு பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அம்மா இருந்தபோது, நிலவறைக்குள் உருளைக்கிழங்கு எடுக்க உங்களை அனுப்பினால் பாடிக்கொண்டே போவீர்கள் என்பாள். ஆனாலும் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பேன்?

எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடுங்கள். தும்மல் உடைகிறவரை நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கூரையைப் பற்றி மட்டும் அளக்காதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பெரியது அவருக்கு.

அன்புடன்,
உல்யா


வெர்க்னியார், வெந்நீர்க் கூடம்,
26 நவம்பர் 1995

மருமகளே,

எழுந்து நில். பாதாள லோகத்துக்குப் போய் வெற்றியோடு திரும்பின மாவீரன் எழுதுகிறான். பரணில் கிடக்கும் எக்காளம் ஏதாவது இருந்தால் எடுத்து ஊது.

இன்று காலை உன் கட்டளைப்படி கீழே போனேன். விளக்கறை சன்னலுக்குப் பின்னால் ரைசா கிரீடம் இல்லாத மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு பித்தளைப் பில்லை. இறங்குகிறவன் தன் எண்ணுள்ள பில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஏறி வந்ததும் திரும்ப மாட்டவேண்டும். எனக்கு நாற்பத்தொன்று.

"தொலைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க தொலைஞ்சதா அர்த்தம்ணே. ஆணி காலியா இருந்தா ஆளு கீழ இருக்கான். நீங்க என் முன்னாடியே நின்னு டீ குடிச்சாலும் பில்லை ஏறாத வரைக்கும் நீங்க கீழதான்."

"வீட்டுக்குப் போயிட்டானான்னு பாக்க மாட்டீங்களா?"

"அது அப்புறம். மொதல்ல கீழ. ஒரு தடவ வீடு வீடாப் போய்த் தேடினோம். நாங்க தேடி முடிக்கறதுக்குள்ள அவன் அங்க முடிஞ்சுட்டான்."

ரினாத் சிரித்துக்கொண்டே என் தலையில் விளக்கை மாட்டினார். "பயப்படாதீங்க கப்பல்காரரே. உங்க கப்பல் எப்பவும் மூழ்கிடுமோன்னு இருக்கும். இது ஏற்கனவே மூழ்கினது. இனிமே என்ன?"

சரிவான சுரங்கம், நடந்தே இறங்கவேண்டும். எவ்வளவு ஆழம் என்றால், பாதி வழியில் பூமியின் எதிர்ப்பக்கத்து நாட்டுக்காரர்கள் தரையைத் துடைப்பக்கட்டையால் தட்டி, சத்தம் போடாதே என்றார்கள். சுவரெல்லாம் உறைபனிப் பூ. விளக்கு பட்டால் வெள்ளி மண்டபம். விளக்கைத் திருப்பினால் உன் கை எங்கே என்று நீயே விசாரிக்கவேண்டும்.

நீ கேட்ட கூரை. அளக்கமாட்டேன். தாங்குமரங்கள் நிற்கின்றன. அவை பேசுகின்றன, உல்யா. முனகுகின்றன, கிறீச்சிடுகின்றன, பல்லைக் கடிக்கின்றன. நான் ரினாத்தின் கையைப் பிடித்தேன். விழாமல் இருப்பதற்காக என்று நினைத்திருப்பார். "பேசட்டும் பேசட்டும்" என்றார். "மரம் பேசற வரைக்கும் ஒண்ணுமில்ல. பேச்ச நிறுத்திட்டாத்தான் ஓடணும்."

கிளெப் வேலை செய்யும் இடம் நல்ல இடம் என்கிறார்கள். இடதுபக்கம் பிரிகிற பழைய சுரங்கம்தான் ஆகாது. அங்கே யாரும் போவதில்லை. உன் புருஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கரிப்பூச்சுக்கு நடுவே பல் மட்டும் தெரிந்தது. காலுறை கதகதப்பாக இருக்கிறதாம்.

பிறகு அவசர அரசாங்க வேலை ஒன்று நினைவுக்கு வந்ததால் சீக்கிரமே மேலேறிவிட்டேன். நிலக்கரியை மேலே ஏற்றுகிற பெல்ட் போகிற வழியாகக் கொதிகலன் கூடத்துக்கு வந்து, அங்கிருந்து நேராக இந்த வெந்நீர்க் கூடம். ஒரு சக்கரவர்த்தி ரைசாவின் குறுக்கு விசாரணைக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இப்போது துண்டைக் கட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாக உட்கார்ந்திருக்கிறேன். துணிகள் குழாய்மேல் காய்கின்றன.

பன்றிக்கு பெல்ட் போட்ட அதே விமானி என் எதிரில் முதுகு தேய்க்கிறான். காற்று ஏறப்போகிறதாம், அதற்குள் கிளம்பவேண்டுமாம். இந்தக் கடிதத்தை இப்போதே கொடு என்கிறான். வெளியே எதற்கோ சங்கு ஊதுகிறார்கள். விடாமல் ஊதுகிறார்கள். என் வெற்றியைக் கொண்டாடுகிறார்கள் போலும்.

பாதாளத்தை வென்ற,
லூக்கா மாமா


வெர்க்னியார்,
28 நவம்பர்

உல்யா,

உட்கார்ந்துகொண்டு படி.

26ஆம் தேதி நான் எழுதியதில் ஒன்றை மறைத்தேன். அரசாங்க வேலை எதுவும் இல்லை. கீழே ஒரு தாங்குமரம் பெரிதாகச் சத்தம் போட்டது. பயத்தில் நான் கால்சட்டையை நனைத்துவிட்டேன். இருட்டில் யாரும் பார்க்கவில்லை. மேலே போகிறேன் என்று கிளெப்பிடம் சொன்னேன். "நேரா விளக்கறைக்குப் போய்ப் பில்லைய மாட்டிடுங்க மாமா" என்றான். ஆகட்டும் என்றேன். விளக்கறை சன்னலில் ரைசா பார்ப்பாளே என்றுதான் பெல்ட் வழியாக வெளியேறினேன். பில்லை என் கால்சட்டைப் பையில் குழாய்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் மேலே வந்தபோது நாற்பத்தொன்று காலியாக இருந்திருக்கிறது. நான் வழி தவறி இடதுபக்கத்துப் பழைய சுரங்கத்துக்குள் போயிருப்பேன் என்று கிளெப் பயந்தான். தனியாக அனுப்பியது என் தப்பு என்றானாம். அவனும் ரினாத்தும் திரும்ப இறங்கினார்கள். சங்கு அதற்காகத்தான் ஊதியது.

நான் குளித்து முடித்து, விமானியை வழியனுப்பிவிட்டு, பாடிக்கொண்டே விளக்கறைக்கு வந்தேன். உள்ளே கூட்டம். எல்லாரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். ரைசா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"பில்லை எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். சூடாக இருந்தது. அவள் வாங்கி ஆணியில் மாட்டினாள். நாற்பத்தொன்று நிறைந்தது. மூன்றும் பன்னிரண்டும் காலியாக இருந்தன. மூன்று ரினாத். பன்னிரண்டு உன் புருஷன்.

அப்போது காலுக்குக் கீழே தரை ஒருமுறை அதிர்ந்தது. மேசைமேல் இருந்த தேநீர்க் குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

பழைய சுரங்கம் இடிந்துவிட்டது. ஆனால் உல்யா, இருவரும் இருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. மாட்டிக்கொண்டவர்கள் அதில் தட்டுவார்கள். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு. விளக்கறைக்குப் பின்னால் அந்தக் குழாய் மேலே வருகிறது. காதை வைத்துக் கேட்டோம். இரண்டு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இரண்டு.

பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ரேடியோ இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. மற்ற பதினைந்து பேரும் மாற்றி மாற்றி மண்ணை அள்ளுகிறார்கள். நானும் போனேன். "மேல இருங்க. இன்னொரு ஆளத் தேட எங்களால முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

29 நவம்பர்

குழாய்க்குப் பக்கத்தில் ரைசாவும் நானும் மாறி மாறி உட்காருகிறோம். உலோகம் காதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் துணியைச் சுற்றியிருக்கிறாள். இன்று பகலில் நாலு முறை கேட்டது. எல்லா முறையும் இரண்டு. ஆனால் ஒன்று பலமாக, ஒன்று மெல்ல.

ரைசா சூப் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சாப்பிட முடியவில்லை என்றேன்.

"சாப்பிடு. மயங்கி விழுந்தா உன்னையும் தூக்கணும்."

நேற்றுவரை அவளுக்கு நான் அண்ணன்.

30 நவம்பர்

காலையில் ரைசாவின் முறை. நான் எதிரில் சுவரில் சாய்ந்திருந்தேன். அவள் குழாயில் காதை வைத்தபடி ஒரு விரலை உயர்த்தினாள். அடுத்த விரலுக்காகக் காத்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து மறுபடி அதே விரல். இன்னொன்று உயரவில்லை.

"சோர்ந்து போயிருப்பாங்க. ஒருத்தர் தட்டினாப் போதும்னு..." என்றேன்.

"மேஸ்திரிக்கு எண்ணத் தெரியும்" என்றாள்.

அப்புறம் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும், நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்துவிடும்.

காற்று ஓய்ந்தது. விடுப்பில் போன இருவரையும் இறக்கிவிட்டு ஹெலிகாப்டர் உடனே திரும்புகிறது. இதைக் கொடுத்தனுப்புகிறேன். அது யாருடைய தட்டு என்று எனக்குத் தெரியாது, உல்யா.

லூக்கா மாமா


கொஸ்த்ரமா,
4 டிசம்பர் 1995

என் பாதாளச் சக்கரவர்த்திக்கு,

உங்கள் வெந்நீர்க் கூடக் கடிதம் இன்று வந்தது! தறிக்கூடத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துடைப்பக்கட்டை இடத்தில் மேற்பார்வையாளர் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். உங்கள் மாமா இன்னும் எத்தனை நாளில் வருகிறார், கல்யாணம் ஆனவரா என்று கேட்கிறார்கள். எச்சரிக்கையாக இருங்கள்.

மாமா, நீங்கள் எனக்காக அந்த இருட்டில் இறங்கினீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். மரங்கள் பேசட்டும். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அது போதும். ஆகஸ்டுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியதே இல்லை. இன்றைக்குத்தான் தூங்கப்போகிறேன்.

மாற்று ஆட்கள் இந்நேரம் வந்திருப்பார்கள். நீங்கள் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்னால் நீங்களே வந்துவிடுவீர்கள். சமையலறைக்கு நீலச் சாயம் அடித்திருக்கிறேன். அவருக்கு நீலம் பிடிக்காது. வந்து சண்டை போடட்டும். புத்தாண்டுக்கு வாத்து ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள்தான் சமைக்கவேண்டும், கப்பலில் சமைத்த மாதிரி ஆப்பிள் வைத்து.

ரைசா அம்மாவுக்கும் ரினாத் ஐயாவுக்கும் என் வணக்கம். இவரை இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ரைசா அம்மாவுக்கு ஒரு லினன் மேசைவிரிப்பு நெய்கிறேன். ஓரத்தில் என்ன பூ பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் உல்யா


கொஸ்த்ரமா,
10 டிசம்பர் 1995

மாமா,

28ஆம் தேதி ஆரம்பித்த உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்னால் நான் எழுதியது உங்களுக்கு வந்திருந்தால் கிழித்துவிடுங்கள். ரைசா அம்மா கண்ணில் பட வேண்டாம்.

தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். வெர்க்னியாருக்கு இணைப்பே இல்லை, அப்படி ஓர் ஊர் இப்போது பட்டியலில் இல்லை என்றார்கள்.

நேற்றிலிருந்து ஒரு வேலைதான் செய்கிறேன். அந்த ஒரு தட்டு அவருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கோயிலில் மண்டியிட்டு வாய்விட்டு வேண்டினேன். திரும்பி வரும் வழியில்தான் நான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. ரினாத் செத்துப்போகட்டும் என்று கேட்டிருக்கிறேன். நான் பார்த்தேயிராத மனிதர். இவரைத் தேட வரவில்லை அவர், உங்களைத் தேடப் போனவர். புரிந்த பிறகும் திரும்பிப் போய் அதை மாற்றி வேண்டவில்லை. இப்போதும் அதையேதான் வேண்டுகிறேன்.

அங்கே அந்த அம்மாவும் என் புருஷனைப் பற்றி இப்படித்தான் வேண்டியிருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உங்கள்மேல் இருக்கிறதா என்று தெரியவில்லை. கீழே போகச் சொன்னது நான். ஆனால் கால்சட்டை, மாமா! ஒரு நனைந்த கால்சட்டை! அதை யார் பார்த்தால் என்ன? நீங்கள் பயந்தாங்கொள்ளி என்று எங்களுக்கெல்லாம் தெரியுமே. அதற்காகத்தானே உங்களை இவ்வளவு பிடிக்கும்.

அது அவராக இருந்தால் உங்களை மன்னித்துவிடுவேன். இல்லாவிட்டால் மாட்டேன். நான் இவ்வளவு சின்னவள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

உல்யானா


வெர்க்னியார்,
21 டிசம்பர் 1995

அன்புள்ள உல்யா,

இந்நேரம் நீ கிளெப்பின் கட்டிலருகில் இருப்பாய் என்பதால் மருத்துவமனை முகவரிக்கு எழுதுகிறேன். மறுபடி புயல் பிடித்துக்கொண்டதால் 11ஆம் தேதிதான் ஹெலிகாப்டர் வந்து அவனை ஏற்றினோம். உனக்குத் தந்தி கொடுப்பதாக விமானி சத்தியம் செய்தான். அதே ஹெலிகாப்டர் 18ஆம் தேதி உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. முதலில் எதைப் பிரித்தேன் என்று கேட்காதே.

டிசம்பர் முதல் தேதி மாலை மண்ணை உடைத்து அவர்களை எட்டினார்கள். கிளெப்பின் வலது கால் கல்லுக்கடியில் இருந்தது. ரினாத் அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். மார்பில் அடி. முதல் நாளெல்லாம் குழாயில் தட்டியது அவர்தான், இருவருக்கும் சேர்த்து. கை ஓய்ந்தபோது தட்டிக்கொண்டிருந்த சுத்தியலைக் கிளெப் கையில் கொடுத்து, "உன் பங்கை நீ தட்டு. என் பங்கை நான் இருக்கற வரைக்கும் தட்டு" என்றாராம். தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டிருந்தார்.

கிளெப்புக்குக் கால் தேறிவிடும், இரண்டு விரல் போகும் என்று ஹெலிகாப்டரில் வந்த மருத்துவர் சொன்னார். அவன் இதையெல்லாம் உன்னிடம் சொல்லமாட்டான். அதனால் நான் சொல்கிறேன்.

அது அவனுடைய தட்டுத்தான். ஆகவே நீ என்னை மன்னிக்கவேண்டியிருக்கும். வேண்டாம், உல்யா. அந்த மனிதர் செத்ததால் எனக்குக் கிடைக்கிற மன்னிப்பு அது. அதைக் கையில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு எப்போதாவது, வேறு காரணத்துக்காக உனக்குத் தோன்றினால் பார்க்கலாம். உன் இரண்டு கடிதங்களையும் அடுப்பில் போட்டுவிட்டேன். யாரும் படிக்கவில்லை. உன் வேண்டுதல் ரினாத்தை ஒன்றும் செய்யவில்லை. அவர் முப்பதாம் தேதி காலையே போய்விட்டார். நீ கோயிலுக்குப் போனது ஒன்பதாம் தேதி. இதை நினைவில் வைத்துக்கொள்.

நான் ஏன் கிளெப்போடு வரவில்லை என்று கேட்பாய். இடம் இருந்தது. "வாங்க மாமா" என்று அவன் கையை நீட்டினான். நான் படியில் காலை வைத்தேன். ரைசா கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தாள். அவள் ஓடிவந்து தடுத்திருந்தால் ஏறியிருப்பேன். அவள் தடுக்கவில்லை. இறங்கிவிட்டேன்.

ரினாத்தின் கல்லறைக்கு இரண்டு நாள் நிலக்கரி எரித்து மண்ணை இளக்கினார்கள். அந்த நெருப்பை நான் பார்த்துக்கொண்டேன். அந்த வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் ரைசா என்னைச் சமையலறையில் உட்காரவைத்தாள். அவர்களுக்கு இரண்டு மகன்கள், கசான் நகரத்தில் ரயில்வே வேலை. விமானி மூலம் சேதி போய்விட்டது, வருகிறார்கள்.

"சுரங்கம் விழுந்துச்சுன்னு நான் சொன்னா அவங்க சுரங்கத்தைத் திட்டிட்டுப் போயிடுவாங்க. என் வாயால நான் எதுவும் சொல்லப்போறதில்ல. நீ சொல்லு" என்றாள்.

"சொல்றேன்."

"கூட்டாம சொல்லு. உன் கதையெல்லாம் கேட்டிருக்கேன். ஒரு சொல்லு கூட்டினாலும் எனக்குத் தெரியும்."

"அவங்க என்ன செய்வாங்க ரைசா?"

"தெரியாது. பெரியவன் அப்பன் மாதிரி. சின்னவன் அப்படியில்ல. நான் குறுக்க வரமாட்டேன்."

அன்றிலிருந்து அவள் வீட்டிலேயே இருக்கிறேன். வேறு எங்கும் போகச் சொல்லவில்லை. இங்கே குளிர்காலத்தில் யாரும் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. மூன்று வேளையும் சாப்பாடு வைக்கிறாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேல்மாடியில் யாரோ நடப்பது இப்போது எனக்குத் துணையாக இருக்கிறது.

நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். பத்து நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கு தானாக ஏதாவது சேர்க்கிறது: எனக்கு உடம்பு சரியில்லை, வழி தெரியவில்லை, யாரோ அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். அறுபத்துமூன்று வருஷப் பழக்கம். அதனால் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

என் பேர் லூக்கா. சுரங்கத்துல பயந்து கால்சட்டைய நனைச்சுக்கிட்டேன். அத உங்கம்மா பாத்துடக் கூடாதுன்னு வேற வழியா வெளிய போனேன். நான் கீழ மாட்டிக்கிட்டேன்னு நெனச்சு உங்கப்பா என்னத் தேடி வந்தாரு. அப்ப நான் குளிச்சுக்கிட்டிருந்தேன்.

இவ்வளவுதான். படித்துப் பார்த்தேன். சேர்க்க ஒன்றும் இல்லை. எடுத்துவிட நிறைய இருக்கிறது, முக்கியமாகக் கடைசி வாக்கியம். அதை எடுக்கமாட்டேன்.

உல்யா, ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது. ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று விமானி கிளம்பியிருப்பான். ரைசா கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டாள். என் கோட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நிற்கிறாள்.

இதை விமானியிடமே கொடுத்துவிடுகிறேன், முதலில் இதை, பிறகு மற்றது. அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்து புரியாவிட்டால் கிளெப்பைப் படிக்கச் சொல்.

ரொம்பப் பயமாக இருக்கிறது. போகிறேன்.

லூக்கா